ஊக்கு நேரம்

மெரிடன் கிரீக் ஊரில் ஒளிப்பட நிலையம் நடத்திவந்த பெண்மணி லவோன் டீட்ஸ் ஒரு வழக்கத்தை மட்டும் என்றைக்கும் கைவிட்டதில்லை. பள்ளி இறுதி வகுப்புப் பையன் ஒருவனைப் பட்டமளிப்புப் படத்துக்காக முக்காலியில் அமர்த்தி, விளக்குகளைச் சரிசெய்து, அவனுடைய கழுத்துப்பட்டையை நேராக்கிய பிறகு, அவர் சற்றுப் பின்னால் வந்து நின்று நெற்றியைச் சுருக்குவார். கோட்டின் முதுகுப்பக்கம் மடிப்பு விழுகிறது என்பார். மேசையின் இழுப்பறையைக் கால்வாசி திறந்து பார்த்து மூடிவிட்டு, பையனின் தாயிடம் திரும்பி, ஊக்கு தீர்ந்துபோயிற்றென்றும், எதிரே எல்மரின் மருந்துக்கடையில் ஓர் அட்டை வாங்கிவந்தால் பெரிய உபகாரமாக இருக்குமென்றும் கேட்டுக்கொள்வார்.

அந்த இழுப்பறையில் ஊக்குக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. முழுக்கத் திறந்தால் மூட முடியாத அளவுக்கு ஊக்கு அட்டைகள் நிறைந்திருந்தன. தாய்மார்களுக்கும் அது தெரியும். அவர்களில் பலர் மூத்த பையன்களின் முறை வந்தபோதே ஊக்கு வாங்கிக் கொடுத்தவர்கள். எல்மருக்கும் தெரியும். கடைக்குள் வரும் தாயிடம் "பையன் உக்காந்தாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு கோப்பைக் காப்பியை ஊற்றி வைத்து, கண்ணெதிரே தொங்கும் ஊக்கு அட்டையை எங்கெங்கோ தேடுவார். ஊரே சேர்ந்து காப்பாற்றிவந்த சின்னப் பொய் அது.

பொய்க்குக் காரணம் இருந்தது. தாய் அறையில் இருக்கும்வரை எந்தப் பையனுக்கும் அவனுடைய சொந்த முகம் வராது. "பல்லு தெரியச் சிரிடா" என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் உதடுகளைப் பசை போட்டாற்போல் ஒட்டிக்கொள்வான். கோடை முழுவதும் வயலில் வேலை செய்ததால் தொப்பிக்குக் கீழே செம்பழுப்பாகவும் மேலே பால் வெள்ளையாகவும் பிரிந்த நெற்றி, இரவல் வாங்கினாற்போல் இடிக்கும் கோட்டு, எங்கே வைப்பதென்று தெரியாத கைகள். கதவு மணி சிணுங்கித் தாய் தெருவைக் கடந்த மறுகணம் விறைத்திருந்த தோள்கள் தளரும். லவோன் அப்போது "சரி கண்ணு, இப்ப உனக்கு என்ன படம் வேணும்?" என்று கேட்பார்.

பையன்கள் அந்த இடைவேளைக்கு ஊக்கு நேரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊக்கு நேரத்தில் எடுத்த படம் பையனுக்கே சொந்தம். அவன் சம்மதித்தாலொழிய தாய் பார்க்கும் தொகுப்பில் அது சேராது. இந்த விதியை யாரும் எழுதிவைக்கவில்லை. அண்ணன் தம்பிக்குச் சொல்ல, தம்பி தோழனுக்குச் சொல்ல, அது நிலைத்துவிட்டது. ஒருவன் போரில் இறந்த மாமாவைப்போல் முறைத்துப் பார்த்தபடி ஒரு படம் கேட்டான். ஒருவன் பள்ளிக்கு ஒருநாளும் போட்டுவராத மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டான். ஒருவன் எதுவும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தான். தன்னைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லாத ஒரு படம் வேண்டும் என்று பிறகு சொன்னான்.

இப்படிப் பிறருடைய முகங்களையெல்லாம் திறந்து பார்த்த லவோனுடைய படம் மட்டும் ஊரில் எவரிடமும் இல்லை. யாராவது படக்கருவியை நீட்டினால் அவர் சிரித்துக்கொண்டே அதன் பின்பக்கம் போய்விடுவார். ஆனால் அவருடைய கூந்தலை ஊர் அறியும். அறுபதை நெருங்கும் வயதிலும் கருஞ்செம்மை நிறத்தில் அலையலையாக விழும் கூந்தல். சமவெளிக் காற்று குப்பைத் தொட்டிகளையே உருட்டிக்கொண்டுபோகும் அந்த ஊரில், ஆட்ட மைதானத்தின் ஓரத்தில் அவர் நின்று படமெடுக்கும்போது அந்தக் கூந்தல் அசையாது. தேவாலயத்தில் பெண்கள் அதைப் பற்றிப் பேசாத ஞாயிறு குறைவு.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் டேலன் ஹோல்ஸ்ட் வந்தான். தலைக்கவசம் மாட்டி மோதி ஆடும் பள்ளி ஃபுட்பால் அணியின் முன்வரிசைக்காரன். வாசற்படியில் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே நுழைய முடிந்தது. அவனைத் தாண்டி ஒருவனும் போக முடியாது என்பதால் அவனுக்குக் கதவு என்று பட்டப்பெயர். அவனுடைய தாய் ரோண்டா, ஊக்கு என்ற சொல் லவோனின் வாயிலிருந்து வருமுன்பே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவள் போனதும் டேலன் தன் விளையாட்டுப் பையை மடியில் வைத்து, ஜிப்பை மெதுவாகத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக் கோழி தலையை நீட்டியது.

"இவ பேரு மேபல்," என்றான். "ஒண்ணும் பண்ண மாட்டா. ஒரே ஒரு படம் போதும், மிஸஸ் டீட்ஸ். எனக்கு மட்டும்."

குஞ்சாக இருந்தபோதே அதற்கு ஒரு கால் கோணல். பொரிப்பகத்தார் கழித்துப் போட்டதை அவன் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து, ஐஸ் குச்சியை ஒடித்துக் காலுக்குக் கட்டுப் போட்டு வளர்த்தான். கால் நேராகவில்லை, கோழி பிழைத்துக்கொண்டது. பிராணிகள் பேசும் கதைகளில் என்றால் இந்த இடத்தில் மேபல் ஏதேனும் அறிவுரை சொல்லியிருக்கும். அது அலகைத் திறந்து மூடியதோடு சரி. பிறகு அந்தப் பெரிய பையனின் மோவாய்க்கும் தோளுக்கும் நடுவே தனக்கு அளவெடுத்துச் செய்த இடம்போல் புகுந்துகொண்டது. அவன் கண்களை மூடினான். லவோன் பொத்தானை அழுத்தினார்.

ரோண்டா திரும்பி வந்தபோது தரையில் ஓர் இறகு கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஊக்கு அட்டையை மேசைமேல் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் வழக்கத்தைச் சேர்ந்ததுதான்.

லவோன் தம் வாழ்நாளில் எடுத்தவற்றுள் அதுதான் ஆகச் சிறந்த படம். திரையில் அதைத் திறந்த கணத்திலேயே அவருக்கு அது தெரிந்துவிட்டது. எதிராளிகள் அஞ்சும் அந்த உடம்பு ஒரு கோழிக்கு இடம் கொடுப்பதற்காக எவ்வளவு சிறிதாகிவிட்டது என்பதை அவர் நாள்தோறும் எடுத்தெடுத்துப் பார்த்தார். ஒருநாள் அதைப் பெரிதாக அச்சிட்டார். அச்சிடுவதில் தவறில்லை, பையனுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று எண்ணிக்கொண்டார். பிறகு அதற்கு ஒரு சட்டமும் போட்டார்.

பழைய மாணவர்கள் ஊர் திரும்பிப் பள்ளியைக் கொண்டாடும் ஹோம்கமிங் வாரம் வந்தது. அந்த வாரத்தில் பிரதான வீதிக் கடைகளெல்லாம் பள்ளியின் நிறங்களில் கண்ணாடி ஜன்னலை அலங்கரிக்கும். ஊர்வலம் அந்த வழியாகத்தான் போகும். லவோன் தம் ஜன்னலில் நீலத் துணி விரித்து, இறுதி வகுப்புப் பையன்களின் படங்களைச் சுற்றிலும் அடுக்கினார். நடுவில் ஓர் ஆணி வெறுமையாக இருந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தவர், அதைத் திரும்ப வைத்தார். பார்த்தால் அவனே பெருமைப்படுவான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். உண்மையில், கேட்டால் மறுப்பான் என்று தெரிந்ததனால்தான் அவர் கேட்கவில்லை. கோழிப் படம் அந்த ஆணியில் ஏறிற்று.

முதலில் புகழ்ச்சிதான் வந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார்கள். போதகரின் மனைவி தொலைபேசியில் அழைத்து, இப்படியொரு படத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். இரண்டாம் செய்தியை லவோனின் கணவர் ஆரின் கொண்டுவந்தார். ஆரின் தானியக் கிடங்கில் வேலை பார்ப்பவர். சோயா அறுவடைக் காலம். லாரியோடு வரிசையில் நிற்பவர்களுக்குப் பேச்சைத் தவிர வேறு வேலை இல்லை.

"பசங்க பாட்டே கட்டிட்டானுங்க, லவோன்," என்றார் அவர், பூட்ஸைக் கழற்றியபடி. "கதவைத் தட்டினா கோழி கூவுதாம்."

"விளையாட்டுக்குச் சொல்றாங்க."

"ஆமா. அவனைத் தவிர எல்லாருக்கும் விளையாட்டாத்தான் இருக்கு."

படம் ஊரோடு நிற்கவில்லை. யாரோ ஒருவன் ஜன்னலுக்கு வெளியே நின்று கைப்பேசியில் அதைப் பிடித்து அனுப்ப, அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு எதிரணியான லாங் பெண்ட் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு ரப்பர் கோழியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசைக்காரன் குனிந்து கையைத் தரையில் ஊன்றிவிட்டால், பந்து நகரும்வரை சிலையாக இருக்க வேண்டும். இமைப்பொழுது முன்னால் அசைந்தாலும் அணிக்குத் தண்டனை. டேலன் குனிந்தபோதெல்லாம் எதிர்ப்பக்கம் முழுவதும் கொக்கரித்தது. ரப்பர் கோழிகள் கீச்சிட்டன. அவன் அசைந்தான். மறுபடி குனிந்தான், மறுபடி அசைந்தான். அவனுக்கு எதிரே குனிந்திருந்தவன், "முட்டை போட்டுட்டு வா, நாங்க காத்திருக்கோம்," என்றான். பயிற்சியாளர் அவனை வெளியே அழைத்து மைதான ஓரப் பலகையில் உட்காரவைத்தார்.

லவோன் மைதான ஓரத்தில் நின்று வழக்கம்போல் பள்ளிக்காக ஆட்டத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். படக்கருவியின் நீண்ட வில்லையைப் பலகைப் பக்கம் திருப்பினார். தலைக்கவசத்தைக் கழற்றிய டேலனின் முகம் கண்ணெதிரே வந்து நின்றது. உதடுகளைப் பசை போட்டாற்போல் ஒட்டியிருந்தான். தாய்மார்கள் அறையில் இருக்கும்போது பையன்கள் மாட்டிக்கொள்ளும் அந்த முகத்தைக் கழற்றவைப்பதற்காகத்தான் அவர் இத்தனை காலமும் ஊக்கு வாங்க ஆளனுப்பிவந்தார். இப்போது அதைத் தாமே கொண்டுபோய் அவனுக்கு மாட்டிவிட்டார். அன்று அவர் அதற்குப் பிறகு ஒரு படமும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் ஜன்னலிலிருந்து படத்தை எடுத்து, தாளில் சுற்றி, ஹோல்ஸ்ட் பண்ணைக்குக் கொண்டுபோனார். டேலன் எந்திரக் கொட்டகையில் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். அவர் நீட்டியதைக் கைகள் அழுக்காக இருப்பதாகச் சொல்லி அவன் வாங்கவில்லை. லவோன் தம் தவற்றைச் சுற்றிவளைக்காமல் சொன்னார்; கேட்காமல் மாட்டியது பிழை என்றார்; மன்னிக்கச் சொன்னார்.

டேலன் துணியில் விரல்களைத் துடைத்தான். அவன் குரலில் சூடு இல்லை.

"படம் எடுத்ததுக்குக் கோபம் இல்ல, மிஸஸ் டீட்ஸ். ஆனா அது ஊக்கு நேரத்துல எடுத்தது."

"தெரியும், கண்ணு. அதனாலதான் வந்தேன்."

"நீங்க சாரி சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. நான் திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போகணும்."

பிறகு அவன் ஒன்று சொன்னான். ஆண்டு மலரில் தன் படம் எதுவும் வரக் கூடாது. கழுத்துப்பட்டை கட்டி எடுத்ததும் வேண்டாம், பட்டமளிப்பு மேலங்கியோடு எடுத்ததும் வேண்டாம். பெயர் மட்டும் இருக்கட்டும். அப்படிப் படம் கொடுக்காதவர்களுக்கு ஆண்டு மலரில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் அச்சிடுவார்கள். கீழே படம் இல்லை என்றிருக்கும். ஓடிப்போனவர்களுக்கும் பள்ளியை விட்டு நீக்கப்பட்டவர்களுக்கும் அச்சிடும் கட்டம் அது. பேரப்பிள்ளைகள்வரை எடுத்துப் பார்க்கும் புத்தகம்.

அடுத்த வாரம் முக்காலியில் உட்கார்ந்தவன் வங்கிக்காரர் வீட்டுப் பையன் பீட்டர்சன். லவோன் பின்னால் வந்து நின்றார், நெற்றியைச் சுருக்கினார், ஊக்கு தீர்ந்துவிட்டது என்றார். தாய் எழுந்தாள்.

"அம்மா இங்கேயே இருக்கட்டும்," என்றான் பையன்.

தாய் திகைத்து, லவோனையும் மகனையும் மாறிமாறிப் பார்த்தாள். லவோன் இழுப்பறையை முழுக்கத் திறந்து, ஓர் ஊக்கை எடுத்து, இல்லாத மடிப்பில் குத்தினார். அந்தப் பையனின் படங்கள் எல்லாம் நன்றாகவே வந்தன. ஒன்றிலும் அவன் இல்லை. அதற்கடுத்தவனும் தாயைப் போகவிடவில்லை. எல்மர் ஒருநாள் தெருவைக் கடந்து வந்து, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார். "காப்பி போட்டு வெச்சுட்டு ஆள் வராம நானே குடிக்கிறேன்," என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஆண்டு மலருக்குப் படங்கள் அனுப்பவேண்டிய கடைசி நாள் நெருங்கியபோது ரோண்டா வந்தாள். உட்காரவில்லை. டேலன்தான் தன் கடைசிப் பிள்ளை என்றாள். அவனுடைய அண்ணன்மார் இருவர் படமும் அந்தப் பள்ளியின் புத்தகங்களில் இருக்கின்றன என்றாள். இவனுடைய இடத்தில் சாம்பல் கட்டத்தைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்றாள். கழுத்துப்பட்டை கட்டிய படம் லவோனிடம் இருக்கிறது. அதை அனுப்பிவிட்டால் போதும். அச்சான பிறகு அவன் என்ன செய்துவிடப் போகிறான்?

லவோனுக்கு அதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் படம் பள்ளிக்குப் போய்விடும். தாயே கேட்கிறாள். சாம்பல் கட்டம் மறையும்; தம்முடைய தவறு விட்ட தடமும் அதோடு மறையும். முன்பும் இப்படித்தான் எல்லாம் எளிதாக இருந்தது என்பது அவருக்கு நினைவு வந்தது.

"அவன் சொல்லாம அனுப்ப மாட்டேன், ரோண்டா."

"நான் அவனைப் பெத்தவ, லவோன்."

"அதனாலதானே உன்னை ஊக்கு வாங்க அனுப்பினேன்."

ரோண்டாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அது பாதியில் நின்றது. வாசல்வரை போய்த் திரும்பி, இதைத் தன் மகனிடம் சொல்லத்தான் போவதாக மிரட்டுவதுபோல் சொன்னாள்.

மறுநாள் காலையில் லவோன் குளியலறைக் கண்ணாடிமுன் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். எதிரே மரத் தாங்கியில் ஊர் புகழும் கூந்தல் இருந்தது. நாற்பது வயதில் அவருடைய முடி, அவருடைய தந்தையின் முடி போன வழியிலேயே போய்விட்டது. நோய் எதுவும் இல்லை. அனுதாபம் கேட்கவும் வழியில்லை. நெற்றியிலிருந்து உச்சிவரை வழுக்கை. காதோரங்களில் நரைத்த பஞ்சு. ஆண்டுக்கு இருமுறை பல் வைத்தியம் என்று சொல்லிவிட்டு, பொய்முடியைச் சரிசெய்துகொள்ள ஒமாஹா நகருக்குப் போய் வந்தார். ஆரினைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஊர் தம்மைப் பார்த்துச் சிரிக்கும் என்ற ஒன்றுக்கு அஞ்சித்தான் அவர் இத்தனை ஆண்டுகளாகக் கருவியின் பின்பக்கமே வாழ்ந்திருந்தார். ஊர் சிரிக்கும் இடத்தில் ஒரு பையனை நிறுத்துவதற்கு மட்டும் அவருக்கு ஓர் ஆணி போதுமாக இருந்தது. இதை எண்ணியபோது அவருக்குத் தம்மேல் வெட்கம் வந்தது. கூடவே, கண்ணாடியில் தெரிந்த தலையைப் பார்த்து முதன்முறையாக வெட்கம் குறைந்தது.

அன்று மாலை பள்ளி விட்டதும் டேலன் வந்தான். ஆரின் ஏணியில் ஏறி விளக்கு ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். டேலன் வாசலருகிலேயே நின்றான்.

"அம்மா சொன்னாங்க," என்றான். "நீங்க அனுப்ப மாட்டேன்னுட்டீங்கன்னு."

"ஆமா."

"அனுப்பியிருந்தா புக்கு அச்சாகி வர்ற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே."

லவோன் கருவியைத் தாங்கியிலேயே விட்டுவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். முக்காலியில் அமர்ந்தார். அந்த முக்காலி இவ்வளவு ஆடும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீ அங்க போய் நில்லு, டேலன். அந்தப் பொத்தான்தான். நான் யாருக்கும் காட்டாதது ஒண்ணு இருக்கு."

டேலன் அவரையும் கருவியையும் பார்த்தான். பிறகு ஏணியின் பக்கம் திரும்பினான். அவனுடைய முகத்தில் என்னவோ ஒன்று லேசாக அசைந்தது.

"மிஸ்டர் டீட்ஸ்," என்றான், மிகுந்த மரியாதையோடு. "ஊக்கு தீந்துபோச்சு போலிருக்கே."

ஆரின் ஏணியிலிருந்து கீழே பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இழுப்பறையைப் பார்த்தார். இறங்கி, தொப்பியை எடுத்துக்கொண்டு, தெருவைக் கடந்துபோனார்.

லவோன் இரு கைகளையும் உயர்த்தி, கூந்தலை முன்னிருந்து பின்னாகக் கழற்றி, பக்கத்து மேசைமேல் வைத்தார். காற்று தலைமேல் படுவது அவருக்கே புதிதாக இருந்தது.  டேலன் தலையைப் பார்த்தானா, கண்களைப் பார்த்தானா என்று நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"மிஸஸ் டீட்ஸ்," என்றான் கடைசியில். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு."

"அது அப்படியே மேபல் மாதிரி உக்காந்திருக்கு."

லவோன் திரும்பிப் பார்த்தார். கருஞ்செம்மைக் கூந்தல் மேசைமேல் உடம்பை உப்பிக்கொண்டு, அடைகாக்கும் கோழியேபோல் அமர்ந்திருந்தது. அவருக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. டேலனும் சிரித்தான், பல் தெரிய, தோள் குலுங்க, அந்தச் சிறிய அறை அதிரும்படி. இருவரும் ஓய்ந்த பிறகு அவன் அருகில் வந்து, இரு கைகளாலும் அதை எடுத்து, அவருடைய மடியில் வைத்தான். ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னான். தலையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னான். மோவாய் கீழே போகக் கூடாது என்றான். எல்லாம் அவரிடம் கற்ற சொற்களே.

"சிரிக்கணுமா?" என்று கேட்டார் லவோன்.

"உங்களுக்கு எப்படி வேணும்?"

அந்தக் கேள்வியை அவர் எத்தனையோ பையன்களிடம் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்வது இவ்வளவு கடினம் என்று அறிந்ததில்லை. அவர் எதுவும் செய்யாமல் இருந்தார். பொத்தானின் ஒலி கேட்டது.

படம் அச்சாகி வெளியே வந்தபோது டேலன் அதை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்தான். நல்லா வந்திருக்கு என்றான். தாளில் சுற்றிவைத்திருந்த அவனுடைய படம் சுவரோரம் சாய்ந்திருந்தது. லவோன் அதைப் பிரித்து அவனிடம் கொடுத்தார். இம்முறை வாங்கிக்கொண்டான். சட்டத்தை மட்டும் கழற்றித் தரும்படி அவர் கேட்டார். எதற்கென்று கேட்காமல் கழற்றிக் கொடுத்தான். அவர் அதில் தம்முடைய படத்தைப் பொருத்தியபோதுதான் அவனுக்கு விளங்கியது.

"நான் உங்களை மாட்டச் சொல்லலையே," என்றான்.

"நீ சொல்லல. நான்தான் சரின்னு சொல்றேன். என் படம் இது."

"அந்த லாங் பெண்ட் பசங்க சும்மா விட மாட்டானுங்க."

"விட வேண்டாம்."

டேலன் தன் படத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டான். பிறகு, வேறு ஏதோ பேசுவதுபோல், கழுத்துப்பட்டையோடு எடுத்ததைப் பள்ளிக்கு அனுப்பிவிடும்படி சொன்னான். கோழிப் படத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வதாகவும் சொன்னான்.

லவோன் ஜன்னல் மேடையில் ஏறினார். மருந்துக்கடை வாசலில், எல்மரின் பக்கத்தில், ஊக்கு அட்டையைக் கையில் பிடித்தபடி ஆரின் நின்றிருந்தார். பள்ளிப் பேருந்து வீதியில் ஊர்ந்துவந்தது. அதன் ஜன்னல்களில் முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. லவோன் வெறுந்தலையோடு, நீலத் துணியின் நடுவில், அந்த ஆணியிலேயே சட்டத்தை மாட்டி, கோணாமல் இருக்கிறதா என்று ஒருமுறை விரலால் நேராக்கினார்.